மின்வண்டிகளும் பெயர் எழுதப்படாதோரும்: பழைய கைக்கமராப் படங்கள் குறித்துத் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து ஒரு நோக்கு

புகையிரத வரலாறு என்றதும் இருப்புப்பாதை இடப்பட்ட ஆண்டு, அதன் நீளம், அதற்காகும் செலவு குறித்துச் சட்டசபையில் எழுந்த வாதம் ஆகியனவே நம் நினைவுக்கு முதலில் வருகின்றன. இவை ஏடுகளிற் பதிவானவை, தேடுவோர்க்குக் கிடைப்பவை. அப்பாதைமேல் ஓடிய வண்டிகளையும் அவற்றைச் சார்ந்து வாழ்ந்த மாந்தரையும் காட்டும் நிழற்படங்கள், சிறப்பாகத் தொழில்முறைப் பயிற்சி இல்லாதோர் கைக்கமராவால் எடுத்துச் சப்பாத்துப் பெட்டியிலும் வீட்டு அல்பத்திலும் வைத்த சிறு படங்கள், ஆய்வு மூலங்களாகக் கொள்ளப்படுவது அரிது. அவற்றை ஏற்போரும் பெரும்பாலும் கட்டுரைக்கு அணியாகவே சேர்ப்பர். ஒரு நூலை வாசிப்பது போல் அவற்றை வாசிப்பதில்லை.

இங்கு நாம் வாசிக்கப் புகுவது இவ்வகைப் படங்களுள் மிகக் குறுகிய ஒரு பிரிவினை. முன்னே இழுப்பதற்கு வேறோர் இயந்திரம் இன்றித் தன் அடித்தளத்திலேயே மின்மோட்டாரைக் கொண்டு ஓடும் பயணிகள் வண்டியை மின்வண்டி என்போம். தெருவில் ஓடிய ட்ராமும், நகர்க்கு நகர் ஓடிய புறநகர் வண்டியும் இதில் அடங்கும். சேவையிலிருந்து நீக்கப்பட்ட இத்தகைய வண்டிகளை ஊதியம் பெறாத தொண்டர் சிலர் கூடி மீட்டு, நூதனசாலை அமைத்துப் பேணிய செயல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தொடங்கியது. அத்தொண்டர்கள் தம் வண்டிகளையும் தம்மையும் எடுத்துக்கொண்ட படங்களே நம் முதற்பொருள். மேற்கம்பியிலிருந்து மின்பெற்று ஓடும் புகையிரதம் இலங்கையில் என்றுமே ஓடாதிருக்க, திருகோணமலையிலிருந்து இப்பொருளை ஏன் எடுத்தல் வேண்டும் என்ற வினா எழுவது இயல்பே. இரு காரணங்கள் உள. ஒன்று, மின்வண்டியின் உறவினர் இந்நாட்டிலும் ஓடினர்: கொழும்பில் 1960 வரை மின்சார ட்ராம் ஓடியது, 1938இல் இங்கிலிஷ் இலெக்ற்றிக் கம்பனியார் அமைத்த ‘சில்வர் போம்’, ‘சில்வர் ஸ்பிறே’, ‘சில்வர் மிஸ்ற்’ என்னும் மூன்று வண்டித்தொடர்களும் டீசல் எரித்துப் பிறப்பித்த மின்சாரத்தாலேயே சக்கரத்தைச் சுழற்றின. மற்றது, அயலார் தம் பழைய வண்டிகளை எவ்வாறு படமெடுத்தனர், அப்படங்களில் எதனைக் கண்டனர், எதனைக் காணத் தவறினர் என்பதை அறிந்துகொண்டால், இத்துறைமுகப் பட்டினத்தின் வீடுகளில் எஞ்சியிருக்கும் படங்களை நாம் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பது தெளிவாகும். இரண்டாவது காரணமே நம்மை எழுதத் தூண்டியது.

முதலில் இப்படங்களின் இலக்கணத்தை நோக்குவோம். இலக்கணம் என்ற சொல்லை நாம் விளையாட்டாக ஆளவில்லை. வண்டி ஆர்வலர் எடுத்த பழைய படங்கள் நூற்றினைப் பரப்பி வைத்தால், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கட்டமைப்பு உடையன என்பது விரைவில் விளங்கும். சூரியன் படமெடுப்பவனின் முதுகுப்புறம் நிற்கும். வண்டியின் முகப்பும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி அவன் சற்றே விலகி நிற்பான். வண்டியின் எண் வாசிக்கக் கூடியதாயிருக்கும். சக்கரத்தாங்கிகள் புல்லாலோ நிழலாலோ மறைக்கப்படா. போகுமிடம் காட்டும் பலகை தெளிவாயிருக்கும். மனிதர் எவரும் குறுக்கே நில்லார். நின்றால் விலகும்படி வேண்டப்படுவர். அமெரிக்க ஆர்வலரிடையே 616 என்னும் அளவுடைய பிலிம்சுருளின் பெரிய நெகட்டிவே நெடுங்காலம் விருப்பத்துக்குரியதாயிருந்தது. அந்நெகட்டிவ்களை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொண்டனர். மாற்றுவதற்கு உரிய பொருள் ஒரே தரத்தினதாய் இருத்தல் வேண்டுமன்றோ? முத்திரை சேகரிப்போன் முத்திரையைப் பார்ப்பதுபோல் இவர்கள் வண்டியைப் பார்த்தனர்.

இக்கட்டமைப்புக்கு ஒரு முன்வரலாறு உண்டு. வண்டி கட்டும் தொழிற்சாலைகள், கட்டிமுடித்த ஒவ்வொரு வகை வண்டியையும் விற்பனைக்கும் பதிவுக்குமாகப் படமெடுத்து வைத்தன. அப்படங்களில் வண்டியின் பின்னணி பெரும்பாலும் நெகட்டிவிலேயே வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. தொழிற்சாலைச் சுவர், கூரை, அங்கு நின்ற தொழிலாளி யாவும் மறைந்து, வெண்வெளியில் மிதக்கும் வண்டி மட்டும் எஞ்சியது. ஆர்வலரின் கைக்கமராவுக்கு அவ்வாறு மறைக்கும் வசதி இருக்கவில்லை. ஆயினும் அவர்தம் கண் அதனையே பழகியிருந்தது. முதலாளியின் விற்பனைப் பட்டியலுக்கென உண்டான பார்வையொன்று, விற்பனையோடு எவ்விதத் தொடர்புமற்ற ஓர் ஆர்வலனின் அழகுணர்ச்சியாகக் குடியேறியமை கலை வரலாற்றில் ஆராயத்தக்க செய்தி. நம் நாட்டுச் சிற்பிகளின் தொழிற்குறிப்பு பிற்காலத்தார்க்கு அழகியல் இலக்கணமாகிய கதையை இது நினைவூட்டுகின்றது. அவ்வொப்பீட்டை இங்கு விரித்தல் பொருந்தாது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை இவ்விலக்கணம் வழுவின்றி நின்றது. வண்டி நூதனசாலைக்கு வந்து சேர்ந்ததும் அது தளர்ந்தது. இம்மாற்றமே நம் கருத்தில் மிக இன்றியமையாதது.

1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பிடபோர்ட்டு – சாக்கோ ட்ராம் சேவை பேருந்துக்கு இடம்விட்டபோது, இளைஞர் சிலர் பணம் சேர்த்து, 31ஆம் இலக்கத் திறந்த வண்டியொன்றை 150 டொலருக்கு வாங்கினர். கென்னபங்க்போர்ட்டு என்னும் ஊரில் அவ்வண்டியை நிறுத்தி வைத்த இடமே பின்னர் பெரியதொரு ட்ராம் நூதனசாலையாயிற்று. இங்கிலாந்தில் சவுதாம்டன் நகரத்து 45ஆம் இலக்க வண்டியை 1948இல் ஆர்வலர் பத்துப் பவுணுக்கு வாங்கினர். 1903இல் கட்டப்பட்ட அவ்வண்டிக்கு நிழல்தர ஓரிடம் தேடிப் பல ஆண்டு அலைய நேர்ந்தது. 1955இல் ஒரு சங்கம் அமைந்தது. 1959இல் டார்பிசயர் மாவட்டத்துக் கிரிச் என்னும் ஊரின் பழைய சுண்ணாம்புக் கற்சுரங்கத்தில் இடம் கிடைத்தது. 1964இலேயே அங்கு மின்சாரத்தால் வண்டி ஓடியது. வண்டியை வாங்கியதற்கும் அதன்மேல் மின்னோட்டம் பாய்ந்ததற்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அந்தப் பதினாறு ஆண்டும் வண்டி ஓடவில்லை, மனிதரே ஓடினர்.

ஓடாத வண்டியைப் படமெடுப்பவனுக்கு அவசரமில்லை. வண்டி நாளையும் அங்கேயே நிற்கும். எனவே அவன் கமரா வண்டியைச் சுற்றி நின்றவர்பால் திரும்புகின்றது. துருவைச் சுரண்டுபவன், சாளரச் சட்டத்தின் உளுத்த மரத்தைக் கழற்றுபவன், தீந்தை வாளியைப் பிடித்தபடி சிரிப்பவள், படியிற் குந்தியிருந்து தேநீர் அருந்துபவன் எனப் படங்கள் பெருகுகின்றன. சூரியன் எந்தப் பக்கம் நிற்கின்றது என்பதை எவரும் பொருட்படுத்துவதில்லை. வண்டியின் எண் பாதி மறைகின்றது. ஆர்வலர் மரபின்படி நோக்கின் இவை பழுதான படங்கள். நெகட்டிவ் மாற்றிக்கொள்வோர் இவற்றை விரும்பார். நாமோ இவற்றையே உயர்ந்தவை என்போம். தொழிற்சாலைப் படம் மறைத்த உழைப்பு இங்கு, எவரும் திட்டமிடாமலே, படத்தின் நடுவுக்கு வந்துவிடுகின்றது.

ஒரே வண்டியைப் பல ஆண்டு இடைவெளியில் காட்டும் இரு படங்களை அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஒரு விந்தை புலப்படும். முதற்படத்தில் வண்டி கிழடு, மனிதர் இளையோர். இரண்டாம் படத்தில் வண்டி புதுமெருகுடன் இளமை பெற்று நிற்கும். மனிதரின் தலை நரைத்திருக்கும். வடகிழக்கு இங்கிலாந்தின் புகையிரதக் கம்பனி 1903இல் யோர்க் நகரத் தொழிற்சாலையிற் கட்டிய 3170ஆம் இலக்க வண்டி இதற்கு நல்ல சான்று. பெற்றோல் இயந்திரத்தால் மின்பிறப்பித்து அம்மின்னால் ஓடிய அது, மேலே சொன்ன ‘சில்வர் போம்’ முதலியவற்றின் மூதாதை எனத் தகும். சேவையிலிருந்து விலக்கப்பட்டபின் அதன் உடல் யோர்க்சயர் நாட்டுப்புறத்தில் விடுமுறை வீடாகப் பல பத்தாண்டு கிடந்தது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்ததனாலேயே அது உளுத்து அழியாது தப்பியது. தொண்டர் குழுவொன்று அதனை மீட்டுப் புதிய அடித்தளம் பொருத்தி 2018இல் மீண்டும் ஓடச் செய்தது. வண்டி நூற்றுப்பதினைந்து வயதில் இளமை எய்தியது. அதற்குத் தம் நடுவயதைக் கொடுத்தோர் எத்தனை பேர் என்பதை வண்டியின் மெருகு சொல்லாது. வேலை நடந்தபோது எடுத்த படங்களே சொல்லும்.

எனினும் இப்படங்களின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் பழைய இலக்கணம் மீண்டும் தலைகாட்டுகின்றது. வண்டியின் இலக்கம் இருக்கும். கட்டிய கம்பனி, ஆண்டு, இடம், சில வேளை சக்கரத்தாங்கியின் வகையும் இருக்கும். முன்புறத்தில் முழு உருவாய் நிற்கும் மனிதனின் பெயர் பலவேளை இராது. ‘தொண்டர்’ என்னும் பொதுப்பெயர் இருந்தால் அதுவே மிகுதி. எடுத்தவனுக்கு அப்பெயர் தெரியும். தெரிந்ததை எழுதுவானேன் என்று விட்டிருப்பான். அவனும் மறைந்தபின் வண்டியின் பெயர் மட்டும் நிலைக்கின்றது. அறிந்தோர் நடுவே எழுதாமல் விடப்படுவது அறியாதோர் காலத்தில் இழப்பாகின்றது. சங்கப் பாடல்களுட் சிலவற்றுக்குப் புலவர் பெயர் கிடைக்காமையால் அப்பாடலின் தொடரொன்றையே அவர்க்குப் பெயராக இட்ட தொகுப்பாசிரியரின் இடர்ப்பாட்டை நம் மாணவர் அறிவர். அங்கு ஒரு தொடராவது இருந்தது. இங்கு வண்டியின் எண்ணை எவர்க்குப் பெயராக இடுவது?

இவ்விடத்தில் இன்னொரு குறையையும் சுட்டுதல் வேண்டும். தொண்டர் அணிந்து நிற்கும் சீருடை எவருடையது? அது ட்ராம் கம்பனியின் சாரதிக்கும் நடத்துநர்க்கும் உரியது. பழைய ட்ராம்களின் சாரதி நாள்முழுதும் முன்தட்டில் நின்றவாறே வண்டியை ஓட்டினான். பலவற்றில் அவனுக்கு முன்னே கண்ணாடியும் இல்லை. மழையும் பனியும் அவன் முகத்திலேயே விழுந்தன. அந்தச் சீருடையை ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணிநேரம் விரும்பி அணிபவனின் முகமகிழ்வையே படம் காட்டுகின்றது. இதனைப் பொய் என்று தள்ளிவிட நாம் முற்படவில்லை. விரும்பி உழைப்பவனின் மகிழ்வு உண்மையே. ஆனால் கம்பனியின் வண்ணமும் முத்திரையும் நுணுக்கமாக மீட்டெடுக்கப்பட்ட வண்டியில், அக்கம்பனிக்கும் அதன் தொழிலாளர்க்கும் இடையே நடந்த வழக்கு மீட்டெடுக்கப்படாது விடுபடுகின்றது. தீந்தையின் நிறத்தை அறியப் பழைய பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டி ஆராய்வோர், சம்பளப் பதிவேட்டையும் அவ்வாறு ஆராய்ந்தால் நன்று.

கொழும்பின் கதை இதற்கு நேர்மாறானது. ஆதலின் ஒப்புநோக்கத் தக்கது. கிராண்ட்பாஸ், பொரளை ஆகிய திசைகளில் ஓடிய ட்ராம்கள் பூஸ்ரெட் சகோதரர் கம்பனியின் பொறுப்பில் இருந்தன. 1944இல் மாநகரசபை அவற்றை ஏற்றது. 1960இல் சேவை நின்றது. இவ்வண்டிகளை நமக்குப் பெரிதும் காட்டுவன பிளாற்றே போன்ற தொழில்முறைப் படநிலையங்கள் வெளியிட்ட தபாலட்டைகள். கப்பலில் வந்திறங்கிய பயணி ஊருக்கு அனுப்புவதற்கென ஆன அட்டைகளாதலின், அவற்றில் ட்ராம் ‘கீழைத்தேயத் தெரு’வின் ஓர் அணியாக, மாட்டுவண்டிக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவே தோன்றுகின்றது. சாரதியின் முகம் ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளிகள் 1929ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் செய்தன. ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் நிகழ்ந்த அந்த ட்ராம் வேலைநிறுத்தம் மருதானையிற் கலவரமாக மூண்டு, பொலிசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலேயே முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கக் காங்கிரசும் கூட்டு உடன்படிக்கையொன்றிற் கைச்சாத்திட்டன. குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றி 1972இல் வெளியிட்ட நூலில் இதற்குரிய இடம் அளிக்கப்பட்டுள்ளது. கிரிச்சில் வண்டியை மனிதர் மீட்டனர். கொழும்பில் வண்டி தெருவை விட்டு நீங்கியபின்னும் அவ்வண்டித் தொழிலாளரின் போராட்டம் ஏட்டில் நின்றது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் நூதனசாலை எங்கேனும் அமையுமாயின் அதுவே நிறைவானது என்போம்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். கல்லோயாச் சந்தியிற் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் துறைமுகப் பட்டினத்தை அடையும் இருப்புப்பாதை 1927இல் திறக்கப்பட்டது. மட்டக்களப்புக்குச் செல்லும் பாதை அதற்கடுத்த ஆண்டு. இப்பாதை வயல்களினூடும் குளத்தருகும் வந்தாலும், அது நோக்கிய இடம் கடற்படைத் தளமே. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளுமாறு, 101 கட்டப்பட்டன. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு விமானம் குதமொன்றின்மீது வீழ்ந்து எரிந்தது. தீ ஏழு நாள் நின்றது என்பர். உருகி மடிந்த அந்த இரும்புச் சுவர் இன்றும் காட்சிக்குரிய சின்னம். பிரித்தானியர் 1957 அக்டோபரில் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர்.

இத்துறைமுகம் படமெடுக்கப்படாத இடமன்று. பிரித்தானியக் கடற்படை அலுவலகம் போர்க்காலத்தில் இங்கெடுத்த படங்கள் இலண்டனில் பேணப்படுகின்றன. அக்காலக் கடற்படைப் படங்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகளில் ஒரு வழக்கம் நம் கவனத்துக்குரியது: கப்பலின் பெயரோடு, படத்திலுள்ள மாலுமியின் பெயரையும் அவன் சொந்த ஊரையும் குறித்தல். ஊர்ப் பத்திரிகை அப்படத்தை வெளியிட்டால் தாய் தகப்பன் மகிழ்வர் என்பதே நோக்கம். ஆகவே சாதாரண மனிதனின் பெயரை எழுதும் பழக்கம் அவர்களுக்குத் தெரியாததன்று. அதே படச்சட்டத்தின் ஓரத்தில் நிலக்கரி சுமப்பவனோ வள்ளம் வலிப்பவனோ நின்றால் அவன் ‘சுதேசி’ ஆகிவிடுவான். எவர்க்காகக் குறிப்பு எழுதப்பட்டது என்பதே எவர் பெயர் எழுதப்பட்டது என்பதை முடிவு செய்தது. மூதூரில் அவனுக்கும் தாய் இருந்தாள். அவள் வாசிக்கும் பத்திரிகையை அலுவலகம் அறியவில்லை.

ஆர்வலரின் கைக்கமரா இங்கு வந்ததா? மலைநாட்டுப் பாதையிலும் களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதையிலும் நீராவி இயந்திரங்களைத் தேடி வந்த வெளிநாட்டார் பலர். களனிப் பாதையில் ஓடிய சென்ரினல் நீராவி வண்டி பேணப்பட்டதற்கு இத்தகைய ஆர்வமும் காரணம். கடுகண்ணாவையில் 2014 டிசம்பரில், இலங்கைப் புகையிரதத்தின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, தேசிய நூதனசாலையும் அமைந்தது. திருகோணமலைப் பாதைக்கு அத்தகைய வசீகரம் வாய்க்கவில்லை. மலையில்லை, சுரங்கமில்லை, பின்னணியில் தேயிலை இல்லை. அதற்கும் மேலாக, துறைமுகத்தை அண்டிய பகுதி எக்காலமும் படைத்துறையின் கண்காணிப்பில் இருந்தது. பிரித்தானியர் காலத்தில் பாதுகாப்புச் சட்டம். 1983க்குப் பின் சோதனைச் சாவடி. கழுத்திற் கமராவுடன் இருப்புப்பாதை ஓரம் நிற்பது பல ஆண்டுகளாக அறிவுடைய செயலாய் இருக்கவில்லை. மெயினிலும் டார்பிசயரிலும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காய் இருந்தது இங்கு விசாரணைக்குரிய குற்றமாகக் கூடியது. ‘நம்மவர்க்கு வரலாற்றுணர்வு இல்லை’ என்று எளிதாகக் கூறிவிடும் திறனாய்வாளர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்வாராக.

ஆகவே இங்கு எஞ்சியவை வீட்டுப் படங்களே. புகையிரத விடுதியின் முற்றத்தில், வெள்ளைச் சீருடையுடன் கதிரையில் அமர்ந்த நிலைய அதிபரும் சுற்றி நிற்கும் பிள்ளைகளும். மணமக்களை வழியனுப்ப மேடையிற் கூடிய உறவினர், பின்னே பாதி தெரியும் பெட்டி. கோணேசர் திருவிழாவுக்கு வந்திறங்கிய கூட்டம். கடற்படைத் தளத்திற் கடமையாற்றியவர் ஓய்வு பெறுகையில் எடுத்த வரிசைப் படம். வண்டி ஆர்வலன் இப்படங்களைக் கண்டால் மனம் நோவான். பெட்டியின் எண் மாமியின் சேலையால் மறைக்கப்பட்டிருக்கும். ஆனால் தொண்டர் படங்களிடமிருந்து நாம் கற்றதை இங்கு பொருத்திப் பார்த்தால், பழுதான படமே நிறைந்த படம். அதன் ஓரத்திற் கைவிளக்குடன் நிற்கும் காவலன், பாதையில் நீர் தூக்குபவள், வலது மூலையில் வெட்டுப்பட்ட பாதித் தோள் ஆகியவை எந்த அலுவலகக் கோவையிலும் இரா. பெட்டியின் வகையை அறிய நிர்வாக அறிக்கைகள் உள. அந்தப் பாதித் தோள் தமிழனுடையதா, முஸ்லிமுடையதா, சிங்களவனுடையதா, அவன் எவ்வளவு காலம் இங்கு உழைத்தான் என்பதை அறிய வேறு வழியில்லை. மூவரும் சேர்ந்து உழைத்த துறைமுகம் இது என்பதற்கு அந்தத் தோள்களே சாட்சி.

இவையும் விரைவாகக் குறைகின்றன. 1983இலும் 1990இலும் 2006இலும் இம்மாவட்டத்து மக்கள் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். ஓடும்போது எடுத்தது குழந்தை, அடையாள அட்டை, நகை, பத்திரம். அல்பம் பலவேளை பின்தங்கியது. 2004 டிசம்பர் 26இல் கடல் கரையேறியது. போர் தின்னாததையும் கடல் கொள்ளாததையும் உப்புக்காற்று மெல்ல மெல்லத் தின்கின்றது. கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளி, ஓரங்களில் நீலக் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். ஜெலற்றின் பூச்சில் பூஞ்சணம் சிலந்திவலைபோற் படரும். 1970களின் வண்ணப்படங்களில் நீலச்சாயம் முதலில் வெளிறிப் போவதால் அனைவரும் செங்கற்பொடி தூவியவர்போற் காணப்படுகின்றனர். அக்காலத்தில் நாகரிகமெனப் பரவிய, பசைபூசிய தாளும் மேலே பிளாத்திக்கு உறையும் கொண்ட அல்பங்கள், படத்தைக் காப்பதாகக் கூறி அழித்தன. பழைய கறுப்புத் தாளில் மூலைக்கொளுவி வைத்துச் செருகிய படங்களே ஒப்பளவில் நல்ல நிலையில் உள.

‘மக்கள் மாண்ட நாட்டில் மின்வண்டியும் புகைவண்டிப் படமுமா ஆராய்ச்சிக்குரிய பொருள்?’ என்று கேட்கும் குரல் நமக்குக் கேளாமலில்லை. அக்குரலில் நியாயம் உண்டு. பழைமை வழிபாடாக மட்டும் இம்முயற்சி அமையுமாயின் அதனை நாமும் ஆதரியோம். இங்கு துறைமுகத்தை அண்டிப் பழைய டச்சுக் கட்டடமொன்றிற் கடல்சார் நூதனசாலை உண்டு. கோட்டையும் பீரங்கியும் காட்சிக்கு உண்டு. பேரரசுகள் விட்டுச்சென்றவற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. எண்ணெய்க் குதங்களின் எண்ணிக்கையை, 101 இருந்ததும் 99 எஞ்சியதும் உட்பட, அவற்றைக் குத்தகைக்குக் கேட்கும் அரசுகளெல்லாம் அறியும். அக்குதங்களின் இரும்புத் தகட்டுக்குத் தறையாணி அடித்தவர் எவர், அவ்வெண்ணெயை அளந்தவர் எவர், 1942இன் ஏழு நாளும் அவர் குடும்பம் எங்கு ஒதுங்கியிருந்தது என்பன எங்கும் எழுதப்படவில்லையெனின், வீட்டு அல்பத்தைத் தவிர வேறெங்கு தொடங்குவது?

மெயினின் இளைஞர் 150 டொலரைச் சேர்க்க வேண்டியிருந்தது. டார்பிசயர்த் தொண்டர்க்குக் கற்சுரங்கம் வேண்டியிருந்தது. இங்கு வேண்டுவது அத்துணைப் பெரிதன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒருவர், ஓய்வுபெற்ற புகையிரத ஊழியரோ துறைமுக ஊழியரோ வாழும் ஒரு வீட்டிற்குச் சென்று, அல்பத்தை வெளியே எடுத்துச் செல்லாது, அவர்தம் முன்னிலையிலேயே பக்கம் பக்கமாகத் திருப்பலாம். ‘இது எந்த வண்டி’ என்ற வினாவை இறுதிக்கு ஒதுக்கி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயரையும், அவர் செய்த தொழிலையும், சேலை மறைக்காத பகுதியில் நிற்பவர் எவர் என்பதையும் முதலிற் கேட்பாராக. முன்னே அமர்ந்திருக்கும் அதிபரின் பெயர் உடனே வரும். பின்வரிசையின் பெயர்களுக்குச் சற்றுக் காத்திருத்தல் வேண்டும். வீட்டுப் பெண்களையும் அழைத்துக் கேட்டால் அவை பெரும்பாலும் கிடைக்கும். பெயர் தெரியாதவரைத் ‘தெரியாது’ என்றே எழுதுக. ‘ஊழியர்’ எனப் பொதுச்சொல் இட்டு அவ்விடத்தை மூடிவிடலாகாது. எழுதுவது மென்மையான பென்சிலாக இருத்தல் நன்று. குமிழ்முனைப் பேனா அழுத்திய கோடு முன்புறத்து முகத்திலே தழும்பாக எழும்; மையும் ஈரத்திற் கசிந்து பரவும். படத்தின் பின்புறத்தில், முகங்கள் இல்லாத ஓரமாகப் பார்த்து, மெல்ல எழுதுக.